கல்லறையில் கேட்ட சத்தம்



சென்ற கல்லறைத் திருநாளன்று மாலை நம் கல்லறைத் தோட்டத்தில் நடந்த ஒரு காரியம் இரண்டு வாரமாகத் தெருத் தெருவாகப் பேசப்பட்டு வருகிறது. நம் வாலிபர் சங்கத்துப் பையன்கள் மூவர் தாங்களே செய்த ஒரு சிறு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்தார்கள். புதிதாய் அடக்கம் செய்யப்பட்ட ஒரு கல்லறையின் அருகே வந்ததும் பெட்டி முனகிற்று. அப்பால் நகர்ந்ததும் அடங்கிற்று. நடந்தது இவ்வளவுதான். மறுநாள் காலைப் பூசைக்கு வந்தவர்களிடம் முனகல் அழுகையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள், பெட்டி ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தது என்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது. நம் ஊரில் நெல்கூட இத்தனை வேகமாய் வளர்வதில்லை!

இதன்பேரில் இருவர் என்னிடம் வந்து, அந்தப் பெட்டியைப் பிடுங்கி வைக்கும்படி கேட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து, அதை ஒரே ஒரு இரவு தம் வீட்டுக்கு இரவல் வாங்கித் தரும்படி கேட்டார். அவர் யாரென்று ஒருவரும் ஆராய வேண்டாம். முதலில் வந்த இருவருக்காக நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இவருக்காகத்தான் எடுத்தேன்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பையன்களிடமிருந்து அதை வாங்கித் திறந்து பார்த்தேன். ஒரு பழைய சோப்பு டப்பா. உள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கம்பிச்சுருள். தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை ஒரு கறுப்புக் கட்டையின்மேல் சுற்றுச் சுற்றாகச் சுற்றியது. கடையில் அதைப் பத்து மில்லி ஹென்றி என்று அளவு சொல்லி விற்கிறார்கள். அடுத்து, எல்.எம். 386 என்னும் ஒலிபெருக்கிச் சில்லு. எட்டுக் கால்களோடு கவிழ்ந்து கிடக்கும் கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கிறது. சும்மா விட்டால் 20 மடங்கு பெருக்கும். அதன் முதற் காலுக்கும் எட்டாங் காலுக்கும் நடுவே ஒரு சிறு கண்டென்சரை வைத்து ஈயம் பற்றவைத்தால் 200 மடங்கு பெருக்கும். பின்பு 9 வோல்ட் பாட்டரி ஒன்று, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். அவ்வளவே சாமான்.

இது கேட்பது என்ன? கம்பியில் மின்சாரம் ஓடும்போது அதைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத காந்த மண்டலம் ஒன்று உண்டாகிறது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருவதால், அந்த மண்டலமும் அதே கணக்கில் எழுந்து அடங்கித் திசை மாறுகிறது. மாறுகிற காந்த மண்டலத்தில் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்தால் அதிலும் சொற்ப மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1831-ம் ஆண்டில் கண்டறிந்தார். அந்தச் சொற்பத்தைச் சில்லு பெரிதாக்கிக் காதுக்குக் கொடுக்கிறது. அதுவே அந்த "ஊம்".

ஒரு மாலை முழுதும் நான் அதைக் காதில் மாட்டிக்கொண்டு பங்கு வீட்டைச் சுற்றி வந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். சமையற்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை. மீட்டர்ப் பெட்டியின் அருகே தம்புராவின் அடிநாதம் போல ஒரே சீராய் ஒலிக்கிறது. மின்விசிறி ரெகுலேட்டரில் வண்டு குடைகிற சத்தம். எல்.இ.டி. பல்பு ஒன்று கீச்சிடுகிறது. அதே விலைக்கு வாங்கிய மற்றொன்று பேசாமலிருக்கிறது. கைப்பேசியில் அழைப்பு வருவதற்குச் சற்று முன்னால் பொரி வறுக்கிறது போல் படபடக்கிறது. ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் எல்லாம் மங்கிவிடுகிறது. ஆனால் பழைய குண்டு பல்பு டார்ச் லைட்டை எரியவிட்டுப் பக்கத்தில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. அதிலே மின்சாரம் ஓடாமலா விளக்கு எரிகிறது? ஓடுகிறது, ஆனால் மாறாமல் ஒரே திசையில் ஓடுகிறது. மாறாததைக் கேட்க இந்தப் பெட்டிக்குக் காது கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, திருநாளுக்கு விளக்குப் போட்ட மைக் செட்காரரை வரவழைத்து, அன்று எப்படிக் கம்பி இழுத்தாரோ அப்படியே மறுபடி இழுக்கச் சொன்னேன். மனிதர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. அந்தப் புதுக் கல்லறையின் மாலைகளுக்குப் பின்னால்தான், மழை வந்தால் நனையாதிருக்கட்டும் என்று, சீரியல் செட் விளக்குகளின் பெட்டியை அவர் வைத்திருந்தார். பையன்கள் சோப்பு டப்பாவை நீட்டினார்கள், முனகிற்று. சுவிட்சை அணைத்தோம்; அடங்கிற்று. மறுபடி போட்டோம், முனகிற்று. மூவரில் இருவர் சிரித்தார்கள். ஒருவன் முகம் மாத்திரம் சற்று வாடிப்போயிற்று.

பெட்டியைப் பிடுங்கச் சொன்னவர்களுக்கு என் பதில்: பிடுங்க மாட்டேன். சர்வேசுரன் படைத்த உலகத்தைத் தங்கள் கையால் செய்த கருவியைக் கொண்டு உற்றுக் கேட்கிற பிள்ளைகள் பாவம் எதுவும் செய்யவில்லை. அயர்லாந்து தேசத்தில் மேனூத் குருமடத்தில் விஞ்ஞானம் போதித்த நிக்கோலாஸ் காலன் என்பவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1836-ல் முதன்முதலாகத் தூண்டு சுருள் என்னும் மின்கருவியைச் செய்தவர் அவரே. அர்ச். லிகோரியாரின் பக்தி நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அதே கைதான். கம்பி சுற்றிய கைக்கும் ஜெபமாலை உருட்டிய கைக்கும் நடுவே அவர் ஒரு சண்டையையும் காணவில்லை.

நான் மேலே சொன்ன பாரடே நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் தம் சிறிய சபையில் மூப்பராயிருந்த பக்தியுள்ள மனிதர். 1853-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பைத்தியம் பரவிற்று. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை அதன்மேல் வைத்தால் மேஜை தானாகவே நகரும். சிலர் அதை மின்சாரம் என்றார்கள், சிலர் ஆவிகள் என்றார்கள். பாரடே அட்டைகளைப் பசையால் தளர்வாக அடுக்கி, கைக்கும் மேஜைக்கும் நடுவே வைத்துச் சோதித்தார். மேஜை நகர்வதற்கு முன்பே கைகள் அட்டையைத் தள்ளியிருந்தது தெரிந்தது. பின்பு, கை தள்ளினால் உடனே காட்டுகிற ஒரு முள்ளை உட்கார்ந்தவர்களின் கண்முன் வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக்கும் மேஜை அசையவில்லை! இதிலே என்னைத் தொட்டது வேறொன்று. அங்கே உட்கார்ந்தவர்களைப் பாரடே மோசக்காரர் என்று சொல்லவில்லை. அவர்கள் யோக்கியர்கள், தங்கள் கை தள்ளுவது தங்களுக்கே தெரியாது. நமக்கு ஒன்று மிகவும் வேண்டியிருக்கும்போது நம் கை அதை நோக்கித் தள்ளிக்கொண்டேயிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. அதை நானே செய்திருக்கிறேன். குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு பிரசங்கத்தில், "ரேடியோ அலைகளை நீங்கள் காண்கிறீர்களா? இல்லை. ஆயினும் அவை இருக்கின்றன. அப்படியே ஆத்துமமும்!" என்று முழங்கினேன். சனங்கள் தலையசைத்தார்கள், எனக்கும் வெகு திருப்தி. இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அலையும் சடப்பொருள் உலகத்தைச் சேர்ந்ததே. அதற்கு அளவு உண்டு, தூரம் உண்டு. சரியான கருவி அகப்பட்டால் பிடிபடும். ஆத்துமம் அப்படி மெல்லியதாய்ப் போன ஒரு பொருளன்று. அர்ச். அக்வீனாஸ் தோமையார், ஆத்துமம் சரீரமேயன்று, சரீரத்துக்கு உயிர் தருவது என்று போதித்தார். ஆத்துமத்தை அலையோடு ஒப்பிட்ட அன்று, என் அறியாமையால், அதைத் தேட ஒரு கருவியையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். கருவி மௌனமாயிருந்தால் ஆத்துமம் இல்லையென்று ஒருவன் சொல்வான். முனகினால் ஆத்துமம் வந்துவிட்டதென்று மற்றொருவன் சொல்வான். டார்ச் லைட்டின் மின்சாரத்தையே கேட்க மாட்டாத பெட்டியிடம் எந்தச் சாட்சியத்தைக் கேட்கிறோம்!

இனி, இரவல் கேட்ட அந்த ஒருவருக்கு நான் நேரில் சொன்னதை, அவர் சம்மதத்தின்பேரில், உங்களுக்கும் சொல்கிறேன். இது எனக்குப் பெருமை தரும் கதையன்று.

நான் முன்பு இருந்த ஒரு பங்கில், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். தாய்க்கு ஒரே மகன். அவனும் அவன் சிநேகிதனும் சேர்ந்து இதே மாதிரிப் பெட்டி ஒன்றைப் பாதி செய்து வைத்திருந்தார்கள். சில மாதம் கழித்துச் சிநேகிதன் அதை முடித்து, ஞாபகமாக வைத்துக்கொள்ளட்டும் என்று தாயாரிடம் கொண்டு கொடுத்தான். நல்ல எண்ணத்தோடு செய்தது. அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு மகன் படுத்த அறைக்குள் போனாள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சத்தம் கேட்டது. சீராக, விட்டு விட்டு, டிக், டிக் என்று.

எனக்கு ஆள் அனுப்பினாள். போனேன். "சாமி, நீங்களே கேளுங்க. நிக்காம அடிக்குது பாருங்க," என்று ஹெட்போனை என் கையில் கொடுத்தாள். கேட்டேன். மனித நெஞ்சு துடிக்கிற மாதிரியே இருந்தது. கட்டிலுக்குப் பின்னால் பார்த்தேன். சுவர்ப் பிளக்கில் ஒரு கைப்பேசிச் சார்ஜர் மாட்டியபடியே இருந்தது. மகன் மாட்டியது, அவன் போன பிறகு அதை அவள் தொடவே இல்லை. கைப்பேசி இணைக்காமல் சார்ஜர் வெறுமனே சுவரில் இருந்தால், அது முழு வேலையும் செய்யாது. கொஞ்சத்துக்கு ஒரு தடவை விழித்து, ஒரு துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி உறங்கிவிடும். அப்படி விழிக்கும்போதெல்லாம் பெட்டி ஒரு டிக் சொல்லும். எனக்கு இது அந்த க்ஷணமே விளங்கிவிட்டது.

"கேட்டுச்சா சாமி?" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

பொய் சொல்லவில்லையே என்று வீடு திரும்பும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டதா என்றாள், கேட்டது உண்மை. குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட சந்துகள் பல தெரியும். வாயால் ஒன்று சொல்லி, மிச்சத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு, பொய்யில்லையென்று சாதிக்கிற வித்தையை 11-ம் இன்னொசென்சியு பாப்பரசர் 1679-லேயே கண்டித்துவிட்டார். அதையும் நான் பரீட்சைக்குப் படித்தவன்தான். ஆனால் ஒன்பது மாதமாய்ச் சிரிக்காத அந்த முகம் அன்று சிரித்தது. அதைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, அது சார்ஜர்" என்று சொல்ல எந்த நாக்கு எழும்பும்? துக்கப்படுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது இரக்கத்தின் கிரியையல்லவா? ஒருவருக்கும் கெடுதியில்லாத ஒரு சிறு மயக்கத்தை ஏன் கலைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நீங்களும் ஒரு நாள் யாருக்காவது முன்னால் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிவரும். ஆகையால் மேலே நடந்ததையும் சொல்கிறேன்.

இரவு தோறும் அவள் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டாள். பாட்டரி தீர்ந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அனுப்பி வாங்கிக்கொண்டாள். தங்கை வீட்டுக் கலியாணத்துக்குப் போகவில்லை; அவனைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? மாதா மாதம் மகனுக்காகப் பூசைக்குக் கொடுப்பவள் அதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "அவன் வீட்டிலேயே இருக்கானே சாமி, எதுக்கு?" என்றாள். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முதல் நாள் சொல்லாததை நாற்பதாம் நாள் சொல்வது பத்து மடங்கு கஷ்டமென்று அப்போது கண்டேன்.

பின்பு ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலை முதல் மாலை வரை அந்தப் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மாதந்தோறும் நடக்கிற காரியம்தான். நடுப்பகலில் அவள் தலைவிரிகோலமாய்ப் பங்கு வீட்டுக்கு ஓடி வந்தாள். "சாமி, அவன் போயிட்டான். நின்னு போச்சு சாமி." அடக்கத்தன்று அழுததைவிட அதிகமாய் அழுதாள். ஒரே மகன் அவளுக்கு இரண்டாந்தரமும் செத்தான். முதல் தரம் ஒரு லாரி. இரண்டாந்தரம் என் தலையாட்டல்.

அன்று சொன்னேன். சார்ஜரைப் பற்றி, சுருளைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அன்னிக்கே தெரியுமா சாமி உங்களுக்கு?" என்றாள். "தெரியும் அம்மா," என்றேன். எழுந்து போய்விட்டாள்.

அந்த இரவு நான் அர்ச். அகுஸ்தீனை எடுத்துப் படித்தேன். நோலா பட்டணத்து அர்ச். பவுலீனுஸ் கேட்ட ஒரு கேள்விக்கு விடையாக, 421-ம் ஆண்டு வாக்கில், மரித்தோருக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். வேதசாட்சியின் கல்லறையருகே அடக்கம் செய்தால் இறந்தவனுக்கு நன்மையுண்டா என்பது கேள்வி. நடுவில் ஓரிடத்தில் தம் சொந்தத் தாயை நினைத்துக்கொள்கிறார். இறந்தவர்கள் நம்மிடம் வந்துபோக முடியுமானால், தம்மைத் தரையிலும் கடலிலும் பின்தொடர்ந்து வந்த தாய் ஓர் இரவுகூடத் தம்மை விட்டிருக்க மாட்டாள் என்கிறார். ஆனால் அவள் வருவதில்லை. அர்ச். மோனிக்கம்மாள் 387-ல் ஓஸ்தியாத் துறைமுகத்தில் மரித்தாள். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் மேற்றிராணியாராகிய அந்தக் கிழவருக்கு இரவில் தாயின் வருகை இல்லை. இல்லையென்று ஒளிக்காமல் எழுதுகிறார். அப்படியானால் பாசம் அற்றுப்போயிற்றா? சாகுந் தறுவாயில் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே: உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பது. மரித்தோருக்கு உதவுவது பீடத்தின் பலியும் ஜெபமும் தர்மமுமே என்று அகுஸ்தீன் முடிக்கிறார். அவர்கள் சத்தம் நமக்குக் கேட்க வேண்டுமென்று அவர் எங்கும் சொல்லவில்லை.

1992-ல் பாப்பரசர் வெளியிட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2116-ம் எண்ணில், மரித்தோரை வரவழைக்க முயல்வதை விலக்குகிறது. அதை அந்தத் தாயிடம் நான் சொல்லவில்லை. அவள் ஒருவரையும் வரவழைக்கவில்லை. காதில் விழுந்ததை நம்பினாள், நான் தலையாட்டியதை அதைவிட அதிகமாய் நம்பினாள். மந்திரவாதியிடம் போகிறவனுக்கும் அவளுக்கும் வித்தியாசம் உண்டு. விலக்கின் காரணத்தை மாத்திரம் நான் அந்த வீட்டில்தான் கற்றேன். கேட்கிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டவள், கேட்காத மகனுக்காகச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டாள்.

மூன்று ஞாயிறு அவள் பூசைக்கு வந்தாள். என் கையால் நன்மை வாங்காமல், உபதேசியார் நின்ற பக்கமாய்ப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். நான் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை. நாலாம் வாரம் வியாழக்கிழமை பங்கு வீட்டுக்கு வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை மேஜைமேல் வைத்து, "அவன் பேருக்கு ஒரு பூசை, சாமி," என்றாள். மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வாசற்படி வரை போனவளிடம், அந்தச் சார்ஜரை நான் வந்து கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும் சாமி," என்றாள். "அவன் மாட்டினது."